தேதி எழுதாத விடுப்புக் கடிதம்

பேருந்தின் கடைசி வரிசை நடு இருக்கையில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வண்டி திரும்பும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்துகிறது. அங்கே பிரேக் எதுவும் இல்லை. நெற்றியில் வியர்வை. முன்னால் ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறார்.

"அண்ணே, இன்னிக்கு எத்தனை ரவுண்டு?"

"ரெண்டு. போன வாரம் ஒண்ணரையில எறங்கிட்டேன்."

கடைசி இருக்கைக்காரரும் டிரைவர்தான். இருபத்தாறு வருடமாக இதே தடத்தில் ஓட்டுகிறவர். வார விடுமுறையில் மற்றவர்கள் தூங்குவார்கள்; இவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு சக டிரைவரின் வண்டியில் பயணியாக இருந்து பழகுகிறார். தானே ஓட்டினால் நாள் முழுக்க ஓட்டுவார். அடுத்தவர் ஓட்டினால் கால் மணி நேரத்தில் குமட்டிக்கொண்டு வந்துவிடும்.

நாங்கள் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. என் கதவைத் திறந்தால் அவர் வீட்டு ஆணியில் தொங்கும் காக்கிச் சட்டை தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் பகுதியில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஏறியாச்சா' வீடு எது என்று கேட்டால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தைத் திருப்பி, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். கண்டக்டர் விசில் கொடுத்தாலும் சரி, பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனாலும் சரி. பையைப் பிடித்துக்கொண்டு யாராவது ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்துவிட்டால் அவருக்குக் கியர் விழாது.

"எப்படி சார் எடுக்கறது? நம்ம வண்டிய நம்பித்தானே ஓடி வர்றாங்க."

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தை டாக்டர்களைவிட நன்றாகப் படிப்பார். எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர். மூன்று வருடத்துக்கு முன் கடைக்கு வந்த காலண்டரில் ஒரு மலைச்சரிவின் படம். பச்சை இலைகளுக்கு மேல் கிளை கிளையாக வெள்ளை. அந்த அம்மா பனி என்று நினைத்திருக்கிறார். மருந்துக் கம்பெனிக்காரர்தான், "பனி இல்லக்கா, காபிப் பூ. மழை பெஞ்ச பின்னாடி மலை முழுக்க ஒண்ணாப் பூக்கும். மூணு நாலு நாள்ல வாடிடும்," என்று சொன்னாராம். அன்று வீட்டில் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, "அதை ஒரு தடவை நேர்ல பாக்கணும்போல இருக்குங்க," என்றிருக்கிறார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. அந்த வருடமே கிளம்பினார்கள். மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் இவரால் முடியவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். சாலையோரக் கட்டைச் சுவரில் உட்காரவைத்து, பாட்டில் தண்ணீர் முழுவதையும் இவர் தலையில் ஊற்றியிருக்கிறார் மனைவி. அடுத்ததாகக் கீழே இறங்கிய வண்டியில் ஊர் திரும்பிவிட்டார்கள். "பரவால்லங்க, அதான் படத்துல பாத்தாச்சே," என்று ஒரு வார்த்தை.

"திட்டியிருந்தா மறந்துபோயிருப்பேன் சார்," என்பார் இவர். "பரவால்லன்னுட்டா பாருங்க, அது உள்ளயே நிக்குது."

வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாமே என்று நான் கேட்டேன். தலையை ஆட்டினார். "ஓட்டுனா நான் ரோட்டத்தான் பாப்பேன். இருபத்தாறு வருஷமா அதத்தான் பாக்கறேன். பக்கத்துல உக்காந்து, அவ பாக்கறத நானும் பாக்கணும்."

இந்த வருடம் தை பிறந்ததுமே சமையல் மேடைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியாகிவிட்டது. டிப்போவில் தருகிற டிரிப் ஷீட் மாதிரியே கோடு போட்டு, புறப்பாடு 5.40 என்று தொடங்கி, இறங்கும் இடம், ஏறும் இடம், மொத்த வளைவுகள் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தார். ஏழாவது வளைவுக்கு நேரே 'தண்ணீர், ஒரு வாய் மட்டும்' என்றும், பதினாலுக்கு நேரே 'பேசக் கூடாது' என்றும் குறிப்பு. எல்லாம் சரிதான், தேதி என்ற இடம் மட்டும் காலி.

அங்கேதான் சிக்கல். மலையில் ஒரு தோட்டத்து மேஸ்திரி தன் வீட்டில் விருந்தாளிகளுக்கென்று ஓர் அறை வைத்திருக்கிறார். தினமும் வேலை முடிந்ததும் இவர் அவருக்குப் போன் போடுவார். எதிர் வீட்டில் இருக்கிற எனக்கே அந்த உரையாடல் மனப்பாடம்.

"மழை வந்துச்சாங்க?"

"இல்லீங்க. நல்ல மழை ஒண்ணு விழணும். விழுந்தா எட்டு ஒம்பது நாள்ல பூத்துரும்."

"எப்ப விழும்?"

"மழைக்கு உங்க டிப்போவுலேர்ந்து யாரும் டைம் போட்டுக் குடுக்கலீங்களே."

மழை கொடுக்கும் அவகாசம் எட்டு நாள். டிப்போவில் லீவுக்குப் பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இவர் யோசித்துப் பார்த்துவிட்டு, கடிதத்தை எழுதி, தேதிக்கு இடம் விட்டு, மேலாளரிடம் கொண்டுபோய் நீட்டினார். அங்கே நடந்ததைக் கண்டக்டர் எனக்குச் சொன்னார்.

"என்னய்யா இது, தேதியே இல்ல?"

"மழை பெஞ்சதும் எழுதிடறேன் சார்."

"காரணமும் எழுதல."

இவர் பேனாவை வாங்கி, 'காபிப் பூ பார்ப்பதற்காக' என்று எழுதினார். மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ காபியே குடிக்க மாட்டியேய்யா."

"வீட்டுலயும் குடிக்க மாட்டாங்க சார். பூ பாக்கத்தான்."

மேலாளர் கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். யார் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், யாருக்குத் தங்கை கல்யாணம் என்றாலும், மாற்று டியூட்டி பார்த்தது இந்த மனிதர்தான் என்று அவருக்குத் தெரியும். மேசைக் கண்ணாடியைத் தூக்கி, கடிதத்தை அதன் அடியில் செருகினார். "மழை வந்தா சொல்லு."

வந்தது. மார்ச் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. வண்டி ஓட்டும்போது இவர் போனைத் தொடமாட்டார். கடைசி நிறுத்தத்தில் எடுத்துப் பார்த்தால் மேஸ்திரியிடமிருந்து ஆறு அழைப்பு. ரெண்டு மணி நேரம் கொட்டியதாம், ஓடையில் தண்ணீர் போகிறதாம். திரும்பும் நடையில் மருந்துக்கடை நிறுத்தம் வந்தது. எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டுவிட்டு, இவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, மழை பெஞ்சிடுச்சு."

மண்டையைப் பிளக்கிற வெயில். கடை வாசலில் நின்றவர்களெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளே அந்த அம்மா இருமல் மருந்துப் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே சிரித்துக்கொண்டு நின்றாராம்.

ஒன்பதாம் நாள் போனார்கள். திரும்பி வந்த மறுநாள் மாடிப்படியில் வைத்து அந்த அம்மா எனக்குச் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒன்பதாவது வளைவை இவர் தாண்டிவிட்டார். பதினொன்றில் வாந்தி. பதினாறில் இன்னொரு முறை. நிறுத்தட்டுமா என்று டிரைவர் கேட்டதற்கு இவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "வாயத் தொடச்சிக்கிட்டே, 'அந்தப் பக்கம் அருவி பாரு'ங்கறாருங்க. மனுஷனுக்கு நிமிர்ந்து உக்காரவே முடியல, எனக்கு அருவி காட்டறாரு."

மறுநாள் விடிந்ததும் மேஸ்திரி அவர்களைச் சரிவுக்குக் கூட்டிப்போனார். வாசனை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டிருந்தது. தோட்டம் முழுக்க வெள்ளை, எங்கே பார்த்தாலும் தேனீக்களின் இரைச்சல். இவருக்குத் தலை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. செடிகளுக்கு நடுவே காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார். "பூவப் பறிச்சிடாதீங்க, ஒவ்வொண்ணும் ஒரு பழம்," என்று மேஸ்திரி சொல்லிவைத்தார். அந்த அம்மா குள்ளம். நன்றாகப் பூத்திருந்த கிளை அவர் தலைக்குமேல் இருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர் இரண்டு கைகளையும் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். தொடலாமா என்று மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார். பிறகு கிளையின் அடியைப் பிடித்து, ஒரு பூவும் உதிராமல் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, மனைவியின் முகத்துக்கு நேராக இறக்கிப் பிடித்துக்கொண்டார்.