முதற்பக்கத்து மஞ்சள் விமானம்

என் தங்கையின் புருஷன் லெஸ்லி ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கம் பஸ் ஓட்டுகிறவர். பகல் முழுக்க ரோட்டைப் பார்த்து அலுத்த மனுஷன், வீட்டுக்கு வந்தால் ஆகாயத்தில்தான் இருப்பார். பழைய விமானங்களின் படம் போட்ட ஞாபகார்த்தத் தபால் முத்திரைகள் சேர்ப்பது அவருடைய பைத்தியம். சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றையும் தூக்கி, பூதக்கண்ணாடியால் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு அல்பத்தில் வைப்பார். அந்த நேரம் பக்கத்தில் இருக்கிறவன் தும்மினால் கொலை விழும்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. முத்திரை அல்பத்துக்குள் போக முன்னர், அந்த விமானம் தன் காலத்தில் என்ன வேலை செய்தது என்று தேடிப் பார்ப்பார். குண்டு போட்டிருந்தால் வீட்டுக்குள் விடமாட்டார். தபால் சுமந்தது, பனிக்காட்டுக்கு மருந்து கொண்டுபோனது, ஏரியில் இறங்கி நோயாளியை ஏற்றியது, இப்படியானவற்றுக்குத்தான் இடம். முத்திரைச் சங்கத்தில் யாரோ குண்டு போடுகிற பொம்பர் விமானத்தின் அருமையான முத்திரை ஒன்றைச் சும்மா நீட்டியும் வாங்காமல் வந்தார். விசர் மனுஷன் என்று நானே ஏசியிருக்கிறேன்.

காரணம் என் தங்கை கிளடிஸ். எங்கள் ஊர் குருநகரில், சண்டைக்காலத்தில், பிளேன் சத்தம் கேட்டால் முதலில் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைக்கவேண்டும். புகையைக் கண்டால் அங்கேதான் குண்டு போடுவான் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. பிறகு பங்கர்க் குழிக்குள் குப்புற விழவேண்டும். அடுப்பு அவள் பொறுப்பு. நாடு விட்டு ஸ்காபரோவுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அவள் ஆகாயத்தை நிமிர்ந்து பார்த்ததை நான் காணவில்லை. கோடை முடிவில் ஏரிக்கரையில் விமான சாகசம் காட்டுகிற நாட்களில் செபமாலையோடு குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வாள். லெஸ்லியின் அல்பத்தை ஒருநாளும் திறந்ததில்லை.

அவர் அதைச் சேர்த்ததே அவளுக்காகத்தான் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. "மச்சான், எல்லாப் பிளேனும் கொல்ல வாறதில்லை எண்டு இவவுக்குக் காட்டவேணும். ஒருக்கா மேல பாத்தாவெண்டால் எனக்குப் போதும்," என்றார். அன்றோடு ஆளை ஏசுவதைக் குறைத்துக்கொண்டேன். முழுதாக விடவில்லை.

போன கோடையில் அவர்களுடைய மகள் கரோலின் வடக்கே ஓர் ஏரிக்கரையில் கொட்டேஜ் வீடு வாடகைக்கு எடுத்திருந்தாள். எல்லாரும் போனோம். சாமான்களை அடைத்து நாங்கள் நெருக்குப்பட்டு இருக்க, அல்பத்துக்கு மட்டும் காரில் தனி ஆசனம். மத்தியானம் அக்கரைக் காட்டிலிருந்து புகை எழும்பியது. நெருப்புத் தூரத்தில்தான், பயமில்லை என்று பக்கத்துக் கொட்டேஜ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கிளடிஸ் கரியடுப்பில் கோழி வாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது சத்தம் கேட்டது. மிகவும் தாழ்வாக, மரங்களுக்குச் சற்று மேலே.

கிளடிஸ் வாளித் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினாள். கரியும் கோழியும் ஒன்றாய்ச் சீறின. அடுத்த கணம் புல்லில் குப்புற விழுந்து காதுகளைப் பொத்திக்கொண்டாள். கரோலின் திகைத்துப்போய் நின்றாள். நானும் பாதி குனிந்துவிட்டேன், மறைப்பானேன்.

லெஸ்லி அவளைத் தூக்கவில்லை. தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் அவள் காதிலிருந்து மெல்ல எடுத்தார்.

"கிளடிஸ், அது குண்டு போட வரேல்லை. என்ர அல்பத்தில முதல் பக்கத்தில இருக்கிறதின்ர தம்பி. தண்ணி அள்ள வருது. ஒருக்கா பாரும்."

அவள் தலையைத் தூக்கினாள். மஞ்சள் விமானம் ஒன்று ஏரியில் வயிற்றை வைத்து, நுரையைக் கிளப்பிக்கொண்டு, நிற்காமலே ஓடியது. நாங்கள் வாய் திறக்க முன்னர் வயிறு நிறைய அள்ளிக்கொண்டு எழும்பிவிட்டது. அக்கரைக்குப் போய்ப் புகைக்கு மேலே வயிற்றைத் திறந்தது. அவ்வளவு தண்ணீர் வானத்திலிருந்து ஒரேயடியாய் விழுந்ததை நான் கண்டதேயில்லை. விமானத்திலிருந்து ஒன்று விழ, நாங்கள் ஓடாமல் பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.

"என்னத்தைப் போட்டது?" என்று புல்லில் இருந்தபடியே கேட்டாள் கிளடிஸ்.

"தண்ணி. நெருப்பை அணைக்க. நீர் இப்ப செய்ததைத்தான் அதுவும் செய்யுது."

அவள் நனைந்த அடுப்பைப் பார்த்தாள். பிறகு அல்பத்தைக் கொண்டுவரச் சொன்னாள். லெஸ்லி ஓடினார். அந்தத் தொந்தியோடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. முதற்பக்கத்தில், எழுபதுகளின் கடைசியில் வந்த, இதே மாதிரி மஞ்சள் விமானம் போட்ட சின்ன முத்திரை இருந்தது. விமானம் திரும்பவும் வந்தது. கிளடிஸ் முத்திரையைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், மறுபடி முத்திரையைப் பார்த்தாள். எழும்பி ஏரிக்கரைக்குப் போனாள். பொழுதுபடும்வரை அது வந்து வந்து அள்ளிக்கொண்டு போக, அவள் ஒரு தடவைகூட விடாமல் அண்ணாந்து நின்றாள். கோழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் திரும்பி வரும் வழியில் கிளடிஸ் பிடரியைத் தடவினாள்.

"இஞ்சேருங்கோ, எனக்குக் கழுத்து நோகுது," என்றாள். "மேல பாத்துப் பாத்து."

லெஸ்லி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். பின்னால் அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த நான், ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லி அவரை ஏசினேன்.