அங்கத்துவ அட்டையும் அக்காவின் அறையும்

பிறந்தநாள் கொண்டாட்டங்களில் ஆண்கள் ஒரு மூலையில் கூடினால் பேச்சு எப்படியும் அந்தக் கடையில்தான் வந்து நிற்கும். வருடா வருடம் காசு கட்டி, படம் பிடித்து, அட்டை வாங்கினால் மட்டும் உள்ளே விடுகிற மொத்த வியாபாரக் கடை. "அண்ணை, அந்த மெம்பர்ஷிப் எடுத்தால் லாபமோ?" என்று புதிதாகக் கலியாணம் முடித்த ஒருவன் கேட்பான். உடனே நாலு பேர் கோழி விலை, எண்ணெய் விலை, பெற்றோல் விலை என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பேன். எனக்கு அந்தப் பேச்சே அருவருப்பு.

கடைக்காரன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் விற்கிறான். என் அருவருப்பெல்லாம் என் மேல்தான்.

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், அஜின்கோர்ட் என்ற இடத்தில், எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், மனைவி, பல்கலைக்கழகத்துக்குப் போகிற மகள். மகள் காலையில் கோப்பி மட்டும் குடிப்பாள். இந்த மூன்று பேருக்கு ஒரே தடவையில் அறுபது முட்டை வாங்கியவன் நான். வாளியில் மயோனைஸ் வாங்கினேன். எங்கள் வீட்டில் மயோனைஸ் சாப்பிடுகிற ஆள் கிடையாது. மலிவு என்று வாங்கினேன்.

முதலில் சாதாரண அட்டைதான் வைத்திருந்தோம். அதற்கு மேலே இன்னொரு அட்டை இருக்கிறது, கட்டணம் கூட, ஆனால் வாங்குகிற சாமானில் ஒரு பங்கு வருட முடிவில் திரும்பி வரும் என்று என் சகலன் வந்து சொன்னார். மனைவியின் தங்கையைக் கட்டியவர். இப்படியான விசயங்களில் அவருக்கு மூளை நன்றாக வேலை செய்யும். "கூட வாங்கினால்தானே கூடத் திரும்பி வரும்" என்றார். கூட வாங்குவதற்கு எங்கள் மூன்று வயிறு காணாது. ஆகவே சகலனின் வீட்டையும் இன்னும் இரண்டு வீடுகளையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு அட்டை, நாலு வீடு.

சனிக்கிழமை காலையில் நானும் சகலனும் கடைக்குள் ஆளுக்கொரு வண்டில் தள்ளிக்கொண்டு திரிவோம். பின்னேரம் வீட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் பேஸ்மென்ற் அறையில் பிரிப்பு நடக்கும். நிலத்தில் பிளாஸ்ரிக் விரித்து, நடுவில் தராசை வைத்து, ஊரில் ஆடு அடித்துப் பங்கு போடுவது போலக் கோழித் தட்டுகளை வெட்டிப் பிரிப்போம். ஒருவருடைய கண் மற்றவருடைய கால்துண்டில் இருக்கும். எல்லாரும் வீடு வாசல், கார், நல்ல வேலை என்று இருக்கிறவர்கள். ஒரு தொடைத்துண்டு பெரிதாகப் போய்விட்டதென்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

கடைக்குள் ருசி பார்க்கச் சின்னச் சின்னக் கடதாசிக் கிண்ணங்களில் எதையாவது வைத்துக் கொடுப்பார்கள். மானம் மரியாதை என்று வாய் கிழியப் பேசுகிற நான், ஒருநாள் விரலளவு பீட்சாத் துண்டுக்காகத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் தரமும் வரிசையில் நின்றேன். கொடுத்த பெண்ணுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. இருந்தும் தந்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம்.

அக்கா பக்கத்து நகரமான பிறம்ரனில் மகனுடன் இருந்தார். மகனுக்குத் தூரத்து எட்மன்டனில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டை விற்றாயிற்று, ஆவணி முடிவில் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். அக்கா எங்கள் பக்கம், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறார். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் கிடந்தது. அதை விட்டுவிட்டு எட்மன்டனுக்குப் போக அவருக்கு மனமில்லை. சித்திரையில் எனக்குப் போன் எடுத்துக் கேட்டார்.

"தம்பி, ஒரு கட்டில் போட இடமிருந்தால் எனக்குக் காணும்."

"உதென்ன கதை அக்கா? பேஸ்மென்ற் அறை உங்களுக்குத்தான்" என்றேன்.

என்னை இந்த நாட்டுக்கு எடுத்தவர் அக்கா. வந்த புதிதில் இரண்டு வருடம் தன்னுடைய ஒற்றை அறை அப்பார்ட்மென்றில் அறையை எனக்குத் தந்துவிட்டு, அவர் ஹோலில் சோபாச் செற்றியில் படுத்தார். செற்றி கட்டை. காலை நீட்ட முடியாது. நான் ஒருநாளும் மாறிப் படுப்போமா என்று கேட்டதில்லை.

அறையைத் துப்புரவாக்க நாலு மாதம் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த சனி என்று சொன்னேன். அந்த வருடம் அட்டைக்குக் கட்டின காசை வாங்கிக் குவித்தே திரும்ப எடுத்துவிட வேண்டுமென்று வீட்டில் எல்லாருக்கும் ஒரு விசர் பிடித்திருந்தது. மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் பங்கில் பாதியை "கிடக்கட்டும், பிறகு எடுக்கிறம்" என்று எங்கள் அறையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். இருந்த டீப் பிறீசர் போதாமல் இன்னொன்று வந்தது. யன்னலை மறைத்து ரொய்லெற் பேப்பர் கூரை முட்ட ஏறியது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, பிரிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருக்க, அக்கா வந்தார். பிறம்ரனில் இருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார். சொல்லிவிட்டு வரவில்லை. கையில் ஒரு பை, பைக்குள் அந்த அறை யன்னலுக்கென்று தானே தைத்த நீலத் திரைச்சீலை. படியால் இறங்கி, சீலையை எடுத்து இரண்டு கையாலும் விரித்தபடி யன்னலைத் தேடினார். யன்னல் தெரியவில்லை. ஆறு பேர் குனிந்திருந்து கோழி பிரித்துக்கொண்டிருந்தோம். நிலத்தில் கோழித் தண்ணீர் ஓடிக் கிடந்தது.

சகலன் நிமிர்ந்து பார்த்து, நல்ல மனதோடுதான் கேட்டார்.

"அக்கா, உங்களுக்கும் சாமான் பிரிக்கிறதோ?"

அக்கா சீலையை மடித்துப் பையில் வைத்தார்.

"இல்லைத் தம்பி. நான் சும்மா வந்தனான்."

இது அக்காவின் அறை, எல்லாரும் தூக்குங்கோ என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அரை மணித்தியாலத்தில் தூக்கியிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. கையில் கோழி இரத்தம் பட்ட உறையோடு இருந்தபடியே, "மேலை போய்த் தேத்தண்ணி குடியுங்கோ அக்கா, இதை முடிச்சுப்போட்டு வாறன்" என்றேன். முடித்தேன். கோழி முடிய எண்ணெய் இருந்தது. அதையும் முடித்தேன். மேலே வந்தபோது, அக்கா பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போய்விட்டதாக மனைவி சொன்னாள். பஸ் தரிப்பிடம் எங்கள் தெரு முனையில்தான். ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாம். நான் கை கழுவப் போனேன்.

அடுத்த கிழமை அக்கா போன் எடுத்தார். வேலையிடத்துச் சிநேகிதி ஒருவரின் வீட்டில், ரெக்ஸ்டேலில், அறை கிடைத்துவிட்டது என்றார். அங்கிருந்து வேலைக்குப் போக நகரத்தையே குறுக்கறுக்க வேண்டும். "உங்களுக்கும் கரைச்சல் இல்லை" என்றார். என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பிறகுதான் அந்த அறையைத் திறந்து ஒழுங்காகப் பார்த்தேன். அரிசி மூட்டையில் வண்டு. மா பைக்குள் எலிப் புழுக்கை. பிறீசரின் அடியில் எப்போது வாங்கினதென்று தெரியாத கோழி, வெள்ளை பூத்து, கல்லாகிக் கிடந்தது. மயோனைஸ் வாளி மூடியைத் திறந்தவன் ஓங்காளித்துக்கொண்டு படியேறி ஓடினேன். மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு படியில் இருந்தாள். "உங்கட அக்காவை நான் வரவேண்டாமெண்டு சொன்னனானோ?" என்று கேட்டாள். உண்மைதான். அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமலே அனுப்பிவிட்டோம்.

கறுப்புப் பைகளில் கட்டிக் கட்டிப் போட்டோம். குப்பை எடுக்கிற நாட்கள் மூன்று போயும் முடியவில்லை. தெருவில் நின்று அந்தப் பைகளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டின காசை முழுதாகத் திருப்பித் தந்தார்கள். ஏன் நிற்பாட்டுகிறீர்கள் என்று மேசையில் இருந்த பெண் கேட்டாள். வீட்டில் ஆட்கள் குறைவு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அறைக்குப் பெயின்ற் அடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டு, ஐப்பசியில் ரெக்ஸ்டேலுக்குப் போனேன். அக்காவின் அறையில் ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் இருந்தன. கதிரையை எனக்குத் தந்துவிட்டு அவர் கட்டிலில் இருந்தார். அவர் தந்த தேத்தண்ணீரைக் குடிக்காமலே சொன்னேன்.

"அறை முழுக்க வெறுமையாக்கியாச்சு அக்கா. கட்டிலும் போட்டாச்சு. வாங்கோ, இண்டைக்கே கூட்டிக்கொண்டு போறன்."

அக்கா கட்டிலில் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து இருந்தார்.

"அப்ப உங்கட சாமானுகளை எங்கை தம்பி வைக்கப்போறியள்?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அந்தக் கவலையில்தான் கேட்டார்.