புகையில்லாத விளக்கும் ஒரு டப்பா சாம்பலும்

கம்பத்தில் ஏறுவது லைன்மேனுக்குச் சுலபம். கீழே நின்று கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் உயிரை வாங்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில் என்னோடு லைன் இழுத்த சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? என்னைத் தூக்கிவாரிப் போட்ட மூன்று சம்பவங்களும் ஒரே வீட்டைச் சுற்றி நடந்தவை.

யார் வீட்டுப் புகை?

லைன் போகிற வழியில் முனியம்மாவின் புளியமரம் நின்றது. வருஷா வருஷம் புளி உலுக்கி ஒடுகத்தூர் சந்தையில் விற்கிறவள். அந்த மரத்தை வெட்ட அவள் சம்மதிக்க வேண்டும். "கரன்ட் வந்தா மண்ணெண்ண வெளக்கே வேணாம், வூட்ல புகையே கிடையாதும்மா" என்று அளந்துகொண்டிருந்தேன். அவள் கணவன் கோவிந்தன் கடலோரத்து அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் கூலியாள் என்பது எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்தால் விடிய விடிய இருமுவாராம்.

முனியம்மா கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டாள்: "கரி எரிச்சித்தான கரன்ட் எடுக்கிறாங்க? எங்கூட்டுப் புகைய எங்கூட்டுக்காரு மூஞ்சிலயே வுடப் போறீங்களா?"

பல்பொடி

அந்த நிலையத்தில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். விசாரித்தேன். புகைபோக்கிக்கு முன்னால் புதிதாக ஒரு மெஷின் வைத்திருக்கிறார்களாம். புகைக்குள் கரன்ட் பாய்ச்சிச் சாம்பலைத் தகட்டில் ஒட்டவைத்து உதிர்த்துவிடுமாம். அப்படிப் பிடித்த சாம்பலை ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினான். முனியம்மாவிடம் அதைக் காட்டி, "பாரும்மா, இனிமே எல்லாம் சுத்தம். உங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு" என்று டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை போனால், ஓடையோரம் பாதி ஊர் அந்தச் சாம்பலில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறது! மீதியை முனியம்மா விதைத் துவரையில் பூச்சி விழாமல் இருக்கப் புரட்டி வைத்திருந்தாள். நிலக்கரிச் சாம்பல் வாயில் வைக்கிற பொருளா? தொண்டை கிழியக் கத்தி எல்லோரையும் வாய் கொப்பளிக்க வைத்தேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சுத்தம்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? இப்போ துப்பு துப்புன்னா இன்னாங்க அர்த்தம்?"

ஃபியூஸ் கட்டை

ஆனாலும் என் பேச்சை நம்பி மரத்தை விட்டுக்கொடுத்தாள். அதை வெட்டிச் சாய்த்தபோது வீட்டுக்குள் போய்விட்டாள். லைன் வந்தது, பல்பு எரிந்தது. அடுத்த மாதமே கோவிந்தன் திருவிழாவுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பெருமையாகப் பார்க்கப் போனேன். மனுஷன் பேச வாயெடுத்தாலே இருமல்.

"ஏங்க, அந்த மெஷின் ஓடலியா?" என்றேன்.

"அது ஓடவே நெறைய கரன்ட் வேணும் சார். புதுசா மலைக்கெல்லாம் குடுக்கணும், பத்தலன்னு அடிக்கடி நிறுத்திடறாங்க."

தலைக்கு மேலே நான் போட்ட பல்பு எரிந்துகொண்டிருந்தது. முனியம்மா எழுந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் கையில் வைத்தாள்.

"எங்கூட்டு கரன்ட்ட எடுத்துனு போய் அந்த மெஷினுக்குக் குடுங்க சார்."

கம்பம் ஏற அத்தனை நாள் பயிற்சி கொடுத்தவர்கள், அந்த ஃபியூஸ் கட்டையை எந்த முகத்தோடு திரும்பக் கொண்டுபோய் மாட்டுவது என்று மட்டும் சொல்லித்தரவில்லை.