செல்லையா மாமா கேட்ட ஒரே ஒரு குஸ்தி

ஈரக் கம்பளியின் வாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தலவாக்கலைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கைக்குழந்தைகளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் "பிள்ளைக்காம்பரா"வில், மழைக்கால ஞாயிறு மதியம் ஒன்றில் டீவி வைத்துப் படம் போட்டார்கள். பெயர் கெட்டு ஒதுக்கப்பட்ட ஒரு மல்யுத்த வீரன் மீண்டும் கோதாவில் இறங்கி ஜெயிக்கிற கதை. அவன் ஜெயித்தபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராயிருந்த என் அப்பாவும் அழுதார்.

பின்சுவரோரம் செல்லையா மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை தூக்கிய அவர்தான் எங்கள் பக்கத்துப் பயில்வான். முந்தைய வருடத் திருவிழாக் குஸ்தியில், தோட்ட மேலாளரான துரையின் விருந்தாளியாக வந்தவனிடம், கண்மூடித் திறப்பதற்குள் மல்லாந்து விழுந்தார். வேண்டுமென்றே தோற்றார் என்று லயக் குடியிருப்பே காறித் துப்பியது. "தோட்டத்து மானத்த வித்துப்புட்டான்" என்றார் அப்பா. அதன்பின் கல்யாணம், கருமாதி எதற்கும் அவரை யாரும் அழைக்கவில்லை.

படம் முடிந்ததும் மாமா எழுந்து கைகூப்பினார். "எனக்கும் ஒரு குஸ்தி வச்சுக் குடுங்க தலைவரே. ஒண்ணே ஒண்ணு."

அறையே சிரித்தது. சற்றுமுன் அழுத அதே வாய்கள்!

அவர் மனைவி மாரியாயி அத்தை பாய்ந்து எழுந்தார். "சிரிக்காதீங்க! ஜெயிச்சா நாங்க குடியிருக்கிற காம்பராவக் காலி பண்ணணும்னு தொர சொல்லி விட்டாரு. அந்தச் சேதியக் கொண்டாந்ததே இந்தத் தலைவருதான். கேட்டுப் பாருங்க!"

யாரும் கேட்கவில்லை. அப்பா டீவியை அணைத்து, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். வீட்டில் நான்தான் கேட்டேன். "சின்னப் புள்ள வாயப் பொத்து" என்றார். பொத்திக்கொண்டேன். அந்த மாதமே மாமாவும் அத்தையும் கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

இப்போது அப்பா இல்லை. குஸ்தி நடந்த திடலில் லீக்ஸ் பயிரிடுகிறார்கள். போன மாதம் கொழும்பில் மாமா இறந்ததும், "எங்கள் மண்ணின் மைந்தன்" என்று பேனர் கட்டித் தோட்டத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மாமாவின் படத்தைவிடக் கட்டியவர்களின் படங்கள் பெரிதாயிருந்தன. ஆசிரியை என்பதால் என்னையும் பேச அழைத்தார்கள். துரையின் மிரட்டலையும், அதைச் சுமந்து சென்றது என் அப்பாதான் என்பதையும், ஊரே மாமாவை ஒதுக்கியதையும் கொதித்துப்போய்ச் சொல்லி முடித்தேன். இளைஞர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

மேடையிலிருந்து இறங்கியபோது, கொழும்பிலிருந்து வந்திருந்த மாரியாயி அத்தை என் கையைப் பிடித்தார்.

"நல்லாத்தான் பேசுன புள்ள. அவரு உசுரோட இருந்தப்ப எங்க போயிருந்த?"