காய்ந்த குழை

புத்தளத்தில், பாலாவி உப்பளத்தில் உப்பு அள்ளிக் கால் வெடித்துப் புண்ணான பிறகு, வண்ணாத்திவில்லுப் பக்கம் தோட்ட வேலை இருப்பதாக ஒரு லொறிக்காரர் சொன்னார். இறங்கிய இடத்திலிருந்து காட்டுப் பாதையில் ஒரு மணித்தியாலம் நடந்தேன். கச்சான் என்று அங்கே சொல்கிற நிலக்கடலைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெண் பாம்பொன்றை மண்வெட்டியால் மூன்று துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"குடிப்பியா?"

"கிடைச்சாக் குடிப்பன்."

"இஞ்ச கிடைக்காது. அப்ப நில்."

அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், ஐம்பது வயது தாண்டியிருந்தது. மாம்புரியில் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்ட கஜு வியாபாரி ஒருவரின் முந்திரிக்கொட்டைச் சாக்குகளை அவர் வேலிக்கு வெளியே தூக்கி எறிந்ததைக் கண்டிருக்கிறேன்.

அந்தக் காட்டில் முதலில் கோடரி போட்டவர் அவர்தான். முதல் வருடம் பாலை மரத்தில் பரண் கட்டிப் படுத்தார். யானை குடிசையை மூன்று தரம் பிரித்துப் போட்டது. கரடி கிழித்த தழும்பு வலது தோளிலிருந்து முழங்கை வரை இருந்தது. கிணறு வெட்டியபோது மண் சரிந்து கூட நின்ற கூலியாள் செத்துப்போனார். உடலை எடுத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வந்து, அதே கிணற்றை அவரே வெட்டி முடித்தார். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம்.

காணி அரசாங்கத்துடையது. வெட்டிப் பயிர் செய்தவர்களுக்குக் காணி அனுமதிப் பத்திரம், பேர்மிட், கொடுக்கப்போவதாகவும், உத்தியோகத்தர்கள் வருகிற நாளில் காணியில் யார் இருக்கிறாரோ அவர் பெயரைத்தான் எழுதுவார்கள் என்றும் அறிவித்தார்கள். நாள் வியாழக்கிழமை. நாள் நெருங்கியதிலிருந்து அக்கா கடைக்குக்கூடப் போகவில்லை.

பன்றி கச்சானைக் கிளறாமலிருக்கக் கட்டுத்துவக்கு வைப்போம். சட்டத்துக்கு விரோதம்தான், அங்கே எல்லோரும் வைத்தார்கள். பன்றி வருகிற பாதைக்குக் குறுக்கே, முழங்காலுக்குக் கீழே, மரத்தில் கட்டிய துப்பாக்கியின் விசையிலிருந்து கம்பி இழுத்திருக்கும். கால் பட்டால் வெடிக்கும். அதற்கு ஒரு முறை இருந்தது. துவக்குக்கு வெடிமருந்து போட்டவர் பாதையின் இரண்டு பக்கமும் கண் உயரத்தில், இலையோடு பச்சைக் குழை முறித்துக் கட்டவேண்டும். காலையில் துவக்கைக் கழற்றவேண்டும். திரும்ப வைக்கும்போதெல்லாம் புதுக் குழை. கழற்றிய பிறகு குழையை யாரும் தொடுவதில்லை. அது அப்படியே காயும். பச்சை என்றால் சுற்றிப் போ, காய்ந்தது என்றால் நட. எழுத்துத் தெரியாதவர்களும் அதை வாசித்தார்கள்.

திங்கட்கிழமை காலை அக்கா சொன்னார்: "பன்றி வழியில கட்டினதைக் கழட்டிப்போட்டு வா."

"ஓம் அக்கா" என்றேன். தேநீர் கையில் இருந்தது. குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். அதற்குள் அவருடைய அண்ணன் இரண்டு மகன்மாரோடு வந்துவிட்டார்.

"ஊருக்கு வா. உனக்குப் பிறகு இது ஆருக்கு? புருசனுக்கா, புள்ளைக்கா?" என்றார் அண்ணன்.

"நீ கடலுக்குப் போகேக்க, புள்ளை இருக்கா எண்டு கடல் கேட்டதா?"

"பொம்பளை மாதிரிக் கதை."

"நீ ஆம்பிளை மாதிரி ஒரு ஏக்கர் காடு வெட்டிக் காட்டு. பிறகு கதைக்கிறன்."

அண்ணன் சுவரில் சாய்த்திருந்த கோடரியை எடுத்துப் பிடியால் ஓங்கி அடித்தார். அக்காவின் இடது கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் வலது கையால் அடுப்பிலிருந்த கேத்தலைத் தூக்கிக் கொதிநீரை அண்ணனின் நெஞ்சில் ஊற்றினார். இளைய மகன் என்னை விழுத்தி வாயில் மிதித்தான். இரண்டு பற்கள் போயின. மூத்தவன் மட்டும் யாருக்கும் அடிக்கவில்லை. முப்பது வயதிருக்கும். முன்பு இரண்டு வருடம் அக்காவோடு தங்கிக் காடு வெட்டியவன், துவக்குக் கட்டப் பழகியவன் அவன். தகப்பனை இழுத்துக்கொண்டு போனதும் அவன்தான்.

அக்காவைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்னும் இருக்கவேண்டும் என்றார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, மாவுக்கட்டுப் போட்ட கையைச் சீலைத்துண்டில் தொங்கப்போட்டபடி புதன் மாலையே காணிக்குத் திரும்பிவிட்டார்.

வியாழன் விடியும்போது பன்றி வழிப் பக்கம் வெடித்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குத் திங்கட்கிழமைத் தேநீர் ஞாபகம் வந்தது.

ஓடினோம். உத்தியோகத்தர்கள் வருமுன் தங்களுக்கொரு குடிசை போடுவதற்குத் தடியும் தென்னோலைக் கிடுகும் கொண்டு அண்ணனும் மூத்த மகனும் வந்திருந்தார்கள். மகன் பாதையில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. அண்ணன் அக்காவைக் கண்டதும் கத்தியை ஓங்கினார்.

"அடிக்கிறதெண்டாப் பிறகு அடி," என்றார் அக்கா. "இப்ப காலைப் பிடி."

அண்ணன் கத்தியைப் போட்டுவிட்டுக் காலைப் பிடித்தார். அக்கா தன் கையைத் தாங்கிய சீலைத்துண்டை அவிழ்த்து, ஒரு முனையைப் பல்லால் கடித்து, முழங்காலுக்கு மேலே இறுக்கினார்.

"மருமோன், கண்ணை மூடாத. என்னைப் பார்."

"குழை காஞ்சு கிடந்தது மாமி," என்றான் அவன். "காஞ்சுதான் கிடந்தது."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவனை லாண்ட் மாஸ்டர் உழவு வண்டியின் பெட்டியில் ஏற்றிய பிறகு, "நீ ஓட்டு. நான் இஞ்ச நிக்கவேணும்" என்றார். அண்ணன் மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க அக்காவைத் தூஷணத்தால் ஏசினார். நான் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர், துவக்கு வைத்தது யார் என்று கேட்டார்.

"என்ட தங்கச்சி" என்றார் அண்ணன்.

தள்ளுகட்டிலில் கிடந்த மகன் தலையைத் தூக்கினான். "இல்ல அப்பா. மாமி காஞ்ச குழைக்குப் பின்னால மருந்து விடமாட்டா. இவன்தான்."

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். கழற்றச் சொன்னது அக்கா, கழற்றாமல் விட்டது நான். அதற்கு முன்னால் துவக்கைக் கட்டியது அக்காதான் என்று நான் சொல்லியிருந்தால் வேறு கதையாகியிருக்கும். "ஓம், நான்தான்" என்றேன். அன்று பின்னேரம் என்னை அடித்தார்கள். மீதமிருந்த பற்களில் ஒன்று போனது. பிறகு மறியல் சிறையில் அடைத்தார்கள்.

வெளியே வந்ததும் ஒரு தரம் அங்கே போனேன். பேர்மிட் அக்காவின் பெயரில் வந்திருந்தது. உத்தியோகத்தர்கள் வந்தபோது சட்டையெல்லாம் இரத்தத்தோடு வாசலில் இருந்தாராம். மூத்த மருமகன் ஒரு காலோடு, நிலத்தில் குந்தியிருந்து கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஒரு கல்லை எடுத்து எறிந்தான். நெற்றி உடைந்தது. நான் நின்றேன். இன்னும் இரண்டு எறிந்தான். அக்கா பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. மூன்றாவது கல்லுக்குப் பிறகு, "சாப்பிட வா" என்றார்.

சோறும் கருவாடும் தந்தார். முறிந்த கை நேராகப் பொருந்தவில்லை. அந்தக் கையை வளைத்துத் தட்டைப் பிடித்து வைத்தார்.

"நில்லெண்டு சொல்ல ஏலாது" என்றார்.

"ஓம் அக்கா."

றோட்டுக்குப் பன்றி வழியால் போவது கிட்ட. அதன் வாயில் குழை கட்டியிருந்தது, நன்றாகக் காய்ந்து போய். நான் சுற்றுப் பாதையால் நடந்தேன்.