விளம்பர இடைவேளைக் குழம்பு

தனபால் வைக்கிற குழம்புக்கெல்லாம் ஊர்ப்பெயர்தான். நாக்பூர் குழம்பு என்றால் புளி இருக்காது. நாக்பூர் தாண்டி லாரி பழுதாகி நின்றபோது புளி தீர்ந்துபோய், மாங்காய் ஊறுகாயைக் கரைத்து ஊற்றிச் சமாளித்ததில் பிறந்தது அது. கட்டாக் ரசத்தில் தக்காளி கிடையாது. விஜயவாடா உப்புமாவில் ரவையே கிடையாது. பின்னே அதில் என்னதான் இருந்தது என்று யாராவது கேட்டால், "அதெதுக்குங்க இப்ப. சாப்புட்டவங்க ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்க" என்பார்.

நாமக்கல்லில் இருந்து வடக்கே போகிற வண்டியில் ஸ்டவ்வும் அரிசியும் மசாலா டப்பாவும் ஏறாமல் சாவியைத் திருக மாட்டார்கள். தனபாலின் லாரியில் ஓட்டுகிறவரும் அவரே, வண்டி நிழலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பவரும் அவரே. தனபால் பாதி இந்தியாவைப் பார்த்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அவர் பார்த்ததெல்லாம் தார் ரோடும் தாளிப்புக் கரண்டியும்தான். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு புதுச்சத்திரத்து வீட்டோடு வந்து உட்கார்ந்தார். கரண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் வீட்டில் இரண்டு பேரும் பட்டினிதான். மனைவி அன்புச்செல்வி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். பகல் முழுக்க அண்டாவோடு மல்லுக்கு நின்றுவிட்டு வந்தால், வீட்டு அடுப்பு இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். தப்பித் தவறி என்றைக்காவது சமைத்தாலும் அது ஊர்ப் பிள்ளைகளுக்கு அளந்து பழகிய கை. ஒருமுறை இரண்டு பேருக்கென்று அவர் வைத்த ரசத்தைத் தெருவில் மூன்றாம் வீடு வரைக்கும் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது.

அதனால் சாயந்திரம் ஆனால் ஏற்பாடு தெளிவு. கூடத்தில் அன்புச்செல்வியும் டிவியும். சமையலறையில் தனபாலும் அடுப்பும். நடுவே ஒரு ஜன்னல். தனபாலுக்கு நாடகம் பிடிக்காது என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் ஜன்னல் வழியாக ஒரு கண் அங்கேதான் இருக்கும். வெங்காயம் அரிவது நாடகத்தில், தாளிப்பது விளம்பரத்தில். சோப்பு விளம்பரத்துக்குக் கடுகு வெடிக்கும். நகைக்கடை விளம்பரத்துக்குப் புளி கொதிக்கும்.

"ஏம்புள்ள, அந்தப் பொண்ணு இன்னும் அழுதுக்கிட்டுத்தான் இருக்குதா?"

"உங்களுக்குத்தான் நாடகம் புடிக்காதே. வெங்காயத்தைப் பாருங்க."

"நான் வெங்காயத்துக்கு அழுவறேன். அது எதுக்கு அழுவுதுன்னு கேட்டேன்."

"நாத்தனாக்காரி குழம்புல உப்பை அள்ளிக் கொட்டிப் போட்டா."

"அதுக்கு ஒரு உருளைக்கெழங்கை நறுக்கிப் போட்டாச் சரியாப் போச்சு. இதுக்குப் போயி மூணு வாரமா அழுவோணுமா?"

இப்படியே போகும். சாப்பிட்டு முடித்ததும் அன்புச்செல்வி, "உப்பு சரியா இருக்குது" என்பார். அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்ற ஒரு வார்த்தை இதுவரை அந்த வாயிலிருந்து வந்ததில்லை. தனபாலுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. கேட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று பேசாமல் பாத்திரம் கழுவுவார்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு புதன்கிழமை சாயந்திரம் ராசிபுரத்துக்காரர்களிடமிருந்து போன் வந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் கௌசிக்குக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பெயர் பிரீத்தி. ஜாதகம் பொருந்திவிட்டது. பையனும் பெண்ணும் போனில் பேசிப் பேசிப் பொருந்திவிட்டார்கள். பாக்கி இருந்தது மாப்பிள்ளை வீடு பார்ப்பது ஒன்றுதான். பெண்ணின் அப்பா பெயர் சின்னண்ணன்; தோட்டம், மாடு, வரப்பு என்று இருக்கிற மனிதர். அம்மா மாரியாயி நெய் வியாபாரம். நாமக்கல் வரை வந்தவர்கள், போகிற வழியில் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள்.

எட்டிப் பார்ப்பது என்றால் சும்மா இல்லை. காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால், யோசித்துச் சொல்கிறோம் என்று அர்த்தம். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னிக்கு அவங்க கை நனைச்சே ஆகோணும்" என்றார் அன்புச்செல்வி. "தட்டப்பயிறு குழம்பு வெச்சிருங்க. நெறக்க வெங்காயம் போட்டு."

"வெச்சர்றேன்."

"இன்னொண்ணுங்க." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்தண்ணன் பழைய காலத்து மனுசன். ஆம்பள அடுப்படியில நிக்கறான்னு தெரிஞ்சா என்ன நெனைப்பாரோ. ஆராச்சும் கேட்டா நான் வெச்சதுன்னே சொல்லிக்கறேன். நீங்க உள்ள வேட்டி மாத்தறாப்பல இருந்துட்டு வாங்க."

தனபாலுக்குச் சுருக்கென்றது. நாக்பூர் குழம்புக்குக்கூட நாக்பூரின் பெயர் இருக்கிறது. சொந்த வீட்டில் வைக்கிற குழம்புக்குத் தன் பெயர் கிடையாதா? ஆனால் மகன் கல்யாணம். "செரி. நான் வாயத் தொறக்கல, போ" என்று குக்கரை ஏற்றினார்.

அன்றைக்குப் பார்த்து நாடகத்தில் முக்கியமான கட்டம். உப்பைக் கொட்டியது நாத்தனார்தான் என்று அந்த வீட்டுக்கெல்லாம் தெரியப்போகிறது. படபடப்பில் அன்புச்செல்வி டிவி சத்தத்தை ஏற்றி வைத்துவிட்டு வாசலைக் கூட்டப் போய்விட்டார். தனபால் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவினார். விசில் வந்தது. எண்ணினார். மறுபடி வந்தது. எண்ணினார். நான்கு விசில் ஆனதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி அடுப்பை அணைத்தார். வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது.

அதற்குள் டிவியில் இன்னொரு விசில் வந்தது. தனபால் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நாடகத்துக்காரி சொந்தபந்தத்துக்கெல்லாம் விருந்து சமைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடுப்பில் ஒரு பெரிய குக்கர் ஜம்மென்று உட்கார்ந்து விசிலடித்தது. தனபால் தன் குக்கரைப் பார்த்தார். அது அன்று ஒரு விசிலாவது அடித்ததா என்பதே சந்தேகம்.

மூடியைத் திறந்து ஒரு பயிறை வாயில் போட்டார். பல்லில் கடக்கென்றது. அடப்பாவி மகளே, அழுவதோடு நிறுத்திக்கொள்ளக்கூடாதா என்று அவளை வைதார்.

கூடத்தில் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். மாரியாயி ஒரு தூக்குப்போசி நிறைய நெய்யை நீட்டினார். சின்னண்ணன் மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "காப்பி மட்டும் போதுங்க. கெளம்போணும்" என்றார். அன்புச்செல்வி மரியாதைக்கு டிவியை அணைத்தார். மாரியாயி முகம் வாடிவிட்டது.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்த உப்பு கொட்டுனவ இன்னிக்கு மாட்டறாளான்னு மட்டும் பாத்துட்டுப் போயிரலாங்களா?"

டிவி மறுபடியும் ஓடியது. கெடுத்தவளே காப்பாற்றவும் வந்தாள். நாடகம் முடிகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. தனபால் வேட்டியை மடித்துக் கட்டினார்.

பாதி வெந்த பயிறை மீண்டும் குக்கரில் ஏற்றினால் விசில் சத்தமே உள்ளே ஆள் நிற்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். லாரியில் குக்கரா இருந்தது? அந்தப் பயிறு முழுவதையும் தேங்காயோடு மிக்சியில் போட்டுக் கொரகொரவென்று அரைத்தார். விளம்பரச் சத்தத்தில் மிக்சிச் சத்தம் அமுங்கியது. வாணலியில் சின்ன வெங்காயம் சிவந்ததும் விழுதைக் கொட்டித் தண்ணீர் விட்டார். கொதித்துக் கெட்டியானது. ஆனால் குழம்பில் கடிக்க ஒன்றுமில்லை. கோழிப் பண்ணையில் வாங்கிய ஓடு கீறின முட்டைகள் ஒரு கிண்ணத்தில் இருந்தன. நாமக்கல் பக்கம் வீட்டில் உப்பு இல்லாமல் இருக்கலாம், முட்டை இல்லாமல் இருக்காது. ஒவ்வொன்றாக உடைத்துக் கொதிக்கிற குழம்பில் இறக்கினார். மாரியாயி கொண்டுவந்த நெய்யிலேயே ஒரு கரண்டி எடுத்துக் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினார்.

வாசனை ஜன்னல் வழியாகக் கூடத்துக்குப் போனது. சின்னண்ணன் மூக்கு விடைத்தது.

"உள்ள என்னங்க கொதிக்குது?"

"தட்டப்பயிறு குழம்புங்கண்ணா. நான்தான் வெச்சேன்" என்றார் அன்புச்செல்வி. "பயிறை நல்லாக் கொழைய வேக வெச்சு, சீரகம் அரைச்சு ஊத்தி..."

சீரகமா? உள்ளே தனபால் கரண்டியை ஓங்கினார். என் குழம்பில் எங்கேயடி சீரகம்?

"முட்டை வாசமில்லீங்க வருது?" என்றார் சின்னண்ணன்.

 முட்டை எப்போது வந்தது என்று அன்புச்செல்விக்கே தெரியாது. டிவியில் உப்புக்காரி மாட்டிக்கொண்டு முழித்தாள். கூடத்திலும் அதே முழிதான். அன்புச்செல்வி ஜன்னலைப் பார்த்தார். அங்கே தனபால் கரண்டியோடு நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு உதட்டை இறுக்கி வைத்திருந்தார். பரீட்சையில் தன் தாளில் வேறொருவன் பெயர் எழுதப்பட்டதைப் பார்க்கிற பையன் மாதிரி இருந்தது அந்த முகம்.

அன்புச்செல்விக்கு மனசு கேட்கவில்லை.

"பொய் சொல்லிப் போட்டனுங்கண்ணா" என்றார். "அது என்ன குழம்புன்னே எனக்குத் தெரியாது. எங்க ஊட்டுக்காரருதான் வெச்சாரு. எப்பவும் அவருதான் சமைக்கறது. நல்லா இருக்குமுங்க. தெனமும் நல்லாத்தான் இருக்கும்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் தனபால் காதில் விழுந்தன. கரண்டி கையில் இருப்பதையே மறந்துவிட்டார்.

சின்னண்ணன் எழுந்தார். துண்டை உதறினார். கிளம்புகிறார் என்று அன்புச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வாசல் பக்கம் போகவில்லை. நேரே சமையலறைக்குள் நுழைந்து, வாணலியின் மேல் குனிந்து பார்த்தார்.

"பயிறைப் பாதி வேக்காட்டுல அரைச்சு உட்டுருக்கறீங்களா?"

"ஆமாங்க."

"முட்டைய ஊத்துனதும் கலக்குனீங்களா, கம்முனு உட்டுட்டீங்களா?"

தனபால் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சமைக்காத மனிதன் வாயில் இந்தக் கேள்வி வராது.

"கம்முனு உட்டுட்டனுங்க. கலக்குனா ஒடைஞ்சு போயிரும்."

"எனக்கு எப்பவும் ஒடைஞ்சு போயிருது" என்று சின்னண்ணன் முணுமுணுத்தார். கூடத்திலிருந்து மாரியாயி டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார்.

"நானு நெய்யத் தூக்கிக்கிட்டுச் சந்தை சந்தையாப் போறவ, அக்கா. எங்க ஊட்டு அடுப்படி அவரு பொறுப்புத்தான். பிரீத்திக்கு வெந்நி வெக்கக்கூடத் தெரியாது. அதை எப்படிச் சொல்றதுன்னுதான் வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தோம்."

சின்னண்ணன் அடுப்பைவிட்டு நகர்ந்தார். குழாயைத் திறந்து கையைக் கழுவினார். "இலை போடுங்க" என்றார்.

கை நனைத்தது மட்டுமில்லை, மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். குழம்புக்குப் பேர் என்ன என்று கேட்டார். தனபால் சற்று யோசித்து, "புதுச்சத்திரம் குழம்புங்க" என்றார்.

மறுநாள் சாயந்திரம் நாடகம் தொடங்கிய கையோடு போன் அடித்தது. அன்புச்செல்வி எடுத்தார். ராசிபுரத்திலிருந்து சின்னண்ணன். அந்தப் பக்கம் எதுவோ கொதிக்கிற சத்தம் கேட்டது.

"சம்பந்தி இருக்காருங்களா? முட்டைய உட்டாச்சு. தீய எப்பக் கொறைக்கறதுன்னு கேக்கோணும்."

அன்புச்செல்வி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"அவரு அடுப்புல வேலையா இருக்காருங்கண்ணா. விளம்பரம் வரட்டும், பேசச் சொல்றேன்."