ஒன்பது பேருக்கு ஒரே சீட்டு

தையல்காரனுக்கு ஆளை அளக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் பதுளைக் கடைவீதியில் மெஷினைப் போட்டேன். ஆளை எண்ணவும் தெரிய வேண்டியிருந்தது. தெருவைப் பார்த்துக் கடை வைத்திருக்கும் உங்களுக்கும் இந்த அவஸ்தை புரியும்.

கடைக்குள் ஒன்பது பேர்

தேயிலைத் தோட்டத்து இளசுகள் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வர, தோட்டத்தை நடத்தும் துரை கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவர்கள் என்று போலீஸ் பிடித்து மறியலில் அடைத்துவிடும். கணக்கப்பிள்ளைக்கோ எழுதச் சோம்பல். ஒன்பது பேர் கிளம்பினால் ஒன்பது பேரையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்.

அப்படி ஒரு ஞாயிறு வேலாயி ரவிக்கைத் துணியோடு வந்தாள். பின்னாலேயே எட்டுப் பேர் நுழைந்தார்கள். என் கடையில் நான்கு பேர் நின்றாலே மூச்சு முட்டும். மற்றவர்களை வெளியே நிற்கச் சொன்னேன்.

"அவங்கள விட்டுட்டு நான் மட்டும் உள்ள நிக்க முடியாதுங்க நானா. சீட்டு என் மடியில இருக்கு" என்றாள் வேலாயி. முஸ்லிம் கடைக்காரர்களை அவர்கள் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

படியில் எட்டுப் பேர்

அடுத்த ஞாயிறு ரவிக்கை வாங்க வந்தார்கள். இட நெருக்கடியில் எட்டுப் பேரையும் பிடிவாதமாகப் படியில் நிறுத்தினேன். அது என் தப்புத்தான். கான்ஸ்டபிள் வந்தார், தெருவில் கூட்டம் போடாதே என்று தடியை ஓங்கினார். பிள்ளைகள் மூலைக்கு ஒருவராகச் சிதறினார்கள். வேலாயியின் தம்பி கருப்பன் மட்டும் அகப்பட்டான். சீட்டு அக்காவிடம் இருக்கிறது என்று கெஞ்சினான். சாட்சி சொல்ல வேண்டிய நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். கடையை மூடச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

கான்ஸ்டபிள் அவன் பிடரியை விடாமலே சொன்னார்: "கூட்டமா நின்னா கலைக்கிறது என் வேலை. தனியா ஓடினா பிடிக்கிறதும் என் வேலை."

தலையில் துணிக்கட்டு

உள்ளே ரவிக்கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வேலாயி வெளியே வருவதற்குள் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் சீட்டோடு ஸ்டேஷனுக்கு ஓடினாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, நானும் போனேன். சார்ஜன்ட் தாளைப் படித்தார். ஒன்பது பேர் இருக்கிறது, இரண்டு பேர்தான் நிற்கிறீர்கள், மாலைக்குள் மற்ற ஏழு பேரும் வராவிட்டால் எல்லாரும் ஓடிப்போனதாக எழுதிவிடுவேன் என்றார்.

கடைக்குத் திரும்பினேன். ஏழு பேரும் பின்வாசல் வழியாக வந்து வெட்டுமேசைக்கு அடியிலும் துணிகளுக்குப் பின்னாலும் ஒடுங்கியிருந்தார்கள். ஸ்டேஷனுக்குத் தாங்களாகவே நடந்து போக வேண்டும் என்று சொன்னேன். எல்லாரும் இன்னும் உள்ளே தள்ளி நகர்ந்துகொண்டார்கள். கடைசியில் பேச்சி என்ற சின்னப் பெண் எழுந்து, சேர்ந்து போனால் மறுபடியும் கலைப்பார்களே என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் யோசனை வந்தது. ஆளுக்கொரு துணிக்கட்டைத் தலையில் ஏற்றிவிட்டு முன்னால் நடந்தேன். அதே கான்ஸ்டபிள் எதிரே வந்தார், சுமையைப் பார்த்தார், வழிவிட்டார்.

சார்ஜன்ட் இரண்டு தடவை எண்ணிவிட்டுக் கருப்பனை விட்டார். கட்டுகளைத் திரும்பக் கடையில் இறக்கும்போது பேச்சி சொன்னாள்: "அடுத்த வாரமும் கட்டு இருக்குமா நானா? அது இருந்தா மட்டும்தான் வருவோம்."

இத்தனை வருஷத் தையலில் நான் சரியாக அளந்து கண்டது இதுதான்: எங்கள் தெருவில் அந்தப் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்க, தலையில் அடுத்தவன் சுமை இருந்தாக வேண்டும்.